பதினொன்று புள்ளி இரண்டும் புனிதவதியும்

புக்கிட் ரோத்தானில் நின்றுகொண்டு புனிதவதியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். பத்து வயதில் செம்பனை மரத்தடியில் குத்துக்காலிட்டு உதிரிப் பழம் பொறுக்கியவள். இன்றைக்கு அறுபத்தாறு வயதில் நான்கு லோரி, குலை வெட்டப் பதினாறு ஆள், சுங்கை செம்பிலாங் போகிற வழியில் சொந்தமாக மூன்று ஏக்கர். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான் போனாள். அதை ஒளித்ததும் இல்லை. "மூணாவதுக்கு மேல படிச்சவனெல்லாம் என்கிட்டதான் சம்பளம் வாங்குறான்" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொல்லுவாள். எழுத்துக் கூட்டினால் நாக்கு தடுமாறும். எண் என்றால் தடுமாறாது.

அந்த அறிவு மரத்தடியில் வந்தது. செம்பனைக் குலை பழுத்தால் பழம் ஒவ்வொன்றாகக் கீழே உதிரும். நாற்பதடி உயரத்தில் மட்டைக்குள் ஒளிந்திருக்கிற குலையை யார் ஏறிப் பார்ப்பது? தரையில் கிடக்கிற உதிரியை எண்ணித்தான் மேலே இருப்பது காயா, பழமா, அழுகலா என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதிலேயே வேலை வாங்குகிற மண்டோர் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். சொன்னது பிசகியதில்லை. பிசகியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு முறை ஆலையில் தரம் பார்க்கிற ஆள், லோரியின் மேலாகக் கிடந்த நாலு குலையைப் பார்த்துவிட்டு மொத்த லோரியும் காய் என்று திருப்பி அனுப்பினான். புனிதவதி லோரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். "எல்லாத்தையும் கொட்டு. ஒண்ணொண்ணா பாரு. அப்புறம் பேசு." பின்னால் ஒன்பது லோரி ஹார்ன் அடித்தது. அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் கொட்டினார்கள், பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் அவள்தான் தவுக்கே, முதலாளி. கணவர் சுகுமாறன் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தம் போடாத மனுஷர். நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. பதினொரு வருஷமாக இனிப்புநீர் வியாதி. கிளினிக்கில் கொடுத்த பெரிய வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாத்திரைப் பை புனிதவதி கையில். அதில் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. விருந்து சாப்பிட்ட நாளில் மாத்திரை கூட. பாரம் கூடினால் லோரி அதிகமாக எண்ணெய் குடிக்கிறது இல்லையா, அது மாதிரி. தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். லட்டு தின்றவனுக்கு ஒன்று, பாயசமும் குடித்தவனுக்கு ரெண்டு என்று கணவனுக்கும் மாமியாருக்கும் அளந்து கொடுக்கிற பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஒன்றும் ஆகாமல் போகிறதால் யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை.

போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை சுகுமாறன் மூன்று ஏக்கருக்குப் போய் மட்டை கழித்தார். முள் ஒன்று சப்பாத்தைத் துளைத்து வலது கால் விரலடியில் ஏறிவிட்டது. புனிதவதி ஊக்கு நுனியை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்தாள், புண்ணுக்குப் போடுகிற காமாட் எண்ணெய் தடவினாள், முடிந்தது என்று நினைத்தாள். செம்பனை முள் குத்தாத கால் அந்தப் பக்கத்தில் ஏது?

சனி, ஞாயிறு கோலா குபு பாருவில் உறவுக் கல்யாணம். சுகுமாறன் காலை நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்து கேசரி, லட்டு, பாயசம் என்று ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால், பத்துக்குள் இருக்க வேண்டிய இனிப்பு பத்தொன்பது. புனிதவதி மாத்திரையைக் கூட்டினாள். ரெண்டு நாலானது. திங்கட்கிழமை காய்ச்சலும் வாந்தியும். கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இனிப்பு இன்னும் இறங்கவில்லை. நாலு ஆறானது. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஓட்டப்பந்தயம் ஓடியவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, "லோரி சாவியை எங்க வச்ச, ஆறு மணி ஆயிருச்சே" என்று கேட்டார். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாதம் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். மாவட்ட ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். பாதத்தைத் திறந்து சீழை எடுத்தார்கள். இரண்டு கால் விரல் போயிற்று. அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் கேட்டாள்: "ஆண்ட்டி, இனிப்புநீர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"என்ன கேக்கிறம்மா? சீட்டுல உள்ளபடி, என் கையால குடுக்கிறேன். ஒரு வேளை தவறினது கிடையாது."

டாக்டர் எழுதிக்கொண்டாள். பெயர் லோகேஸ்வரி. முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், காலில் ரப்பர் செருப்பு.

மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சின்ன அறை. நாலு நாற்காலி. ஒன்றில் புனிதவதி. பக்கத்தில் ஷா ஆலாமிலிருந்து வந்த மகன் திலீப், கைப்பேசியை விட்டுக் கண் எடுக்காமல். எதிரில் நல்லசாமி, சுகுமாறனின் தம்பி. ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கிற மனுஷர். நல்ல மனசுதான், ஆனால் சாவு என்று வந்துவிட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடிவிடும்.

லோகேஸ்வரி ஒளிக்காமல் பேசினாள். "கால்ல இருந்த கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. அதை அடிக்கப் போன உடம்பு, தன் உறுப்புகளையே சேர்த்து அடிக்குது. செப்சிஸ்னு சொல்லுவோம். எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்க ரத்தத்துல சில எண்களைப் பார்ப்போம். முக்கியமா ரெண்டு."

"சொல்லு. எண் எனக்கு விளங்கும்."

"ஒண்ணு, புரோகால்சிடோனின். கிருமி எவ்வளவு ஆட்டம் போடுதுன்னு காட்டும். இன்னொண்ணு லாக்டேட். சதைக்கு ரத்தம் சரியாப் போய்ச் சேரலைன்னா உள்ள ஒரு புளிப்பு சேரும். அதோட அளவு. நமக்கெல்லாம் ரெண்டுக்குக் கீழ இருக்கும்."

"அவருக்கு?"

"நேத்து வந்தப்ப எட்டு புள்ளி நாலு. சாயங்காலம் ஒன்பது புள்ளி ஆறு. இன்னிக்குக் காலையில பதினொண்ணு புள்ளி ரெண்டு."

திலீப் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். முகம் வெளுத்திருந்தது. "பத்துக்கு மேல போனா சான்ஸ் ரொம்பக் கம்மின்னு போட்டிருக்கு, மா."

"எவ்வளவு கம்மி?" புனிதவதி மகனைக் கேட்கவில்லை. டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"செப்சிஸ் வந்து இந்த அளவுக்கு ஏறினவங்கள்ல நாலு பேர்ல மூணு பேர் வீட்டுக்குத் திரும்பல, ஆண்ட்டி. கிட்னியும் நின்னுக்கிட்டு வருது. டயாலிசிஸ் போடணும். கழுத்துல பெரிய ஊசி குத்தி, ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விடுறது. போட்டாலும் பிழைப்பாருன்னு நான் சொல்ல முடியாது. நீங்க பேசி முடிவு சொல்லுங்க."

நல்லசாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். "அண்ணி, கேட்டீங்கல்ல? இதுக்கு மேல அவரைப் போட்டுக் குத்தணுமா? விரலை எடுத்தாச்சு. குழாய் போட்டாச்சு. அண்ணன் குடும்பம் உள்ள மனுஷன் மாதிரி வீட்ல கண்ண மூடட்டும். சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். வாசல் தாண்டி உள்ள வந்து, அவர் படுத்த கட்டில்ல படுத்து, நம்ம கையால ஒரு சொட்டுப் பால். இங்க செத்தா அனாதை மாதிரி ஆயிரும்."

இது நல்லசாமி புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. அந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறதுதான். டாக்டர் கையை விரித்தால் ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். புனிதவதியும் தன் தகப்பனை அப்படித்தான் கொண்டு வந்தாள்.

"இன்னும் சாகலை தம்பி."

"அண்ணி, டாக்டரே சொல்றாங்க—"

"டாக்டர் நாலு பேர்ல மூணு பேருன்னாங்க. அந்த நாலு பேர்ல எம்புருஷன் எத்தனையாவது ஆளுன்னு சொன்னாங்களா?" லோகேஸ்வரி பக்கம் திரும்பினாள். "சொன்னியாம்மா?"

"இல்ல ஆண்ட்டி. அதை எண் சொல்லாது. கூட்டத்தைப் பத்தித்தான் சொல்லும்."

"அது! கேட்டுக்க." புனிதவதி முழங்காலில் தட்டினாள். "கூட்டத்தைப் பத்திப் பேசறதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அந்த இன்னொரு எண் என்னாச்சு? கிருமிக்குன்னு சொன்னியே."

"அதுதான்..." லோகேஸ்வரி தாளைப் புரட்டினாள். "நேத்து அறுபத்து ரெண்டு. இன்னிக்கு நாப்பத்து நாலு. இறங்குது. கால்ல சீழை எடுத்ததுக்கும் மருந்துக்கும் கேக்குது. ரத்த அழுத்தத்தைத் தூக்கப் போட்ட மருந்தைக் கூடக் காலையில கொறைச்சோம்."

"கிருமி இறங்குது. புளிப்பு ஏறுது."

"ஆமா. சாதாரணமா ரெண்டும் ஒரே பக்கம்தான் போகும். இவருக்கு ஏன் இப்படின்னுதான் பெரிய டாக்டரும் யோசிக்கிறார். கிட்னி நின்னதால கொஞ்சம் ஏறலாம். ஆனா இவ்வளவு ஏற வேண்டியதில்லை."

புனிதவதி தரையைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருப்பதைத் திலீப் பார்த்ததில்லை, பயந்துபோய் "மா?" என்றான்.

அவள் மனசால் தோட்டத்துக்குப் போயிருந்தாள். மரத்தடியில் உதிரி நிறையக் கிடக்கும், நிமிர்ந்து பார்த்தால் குலை இன்னும் கறுப்பாக, காயாக இருக்கும். உதிரி பழம் என்கிறது, நிறம் காய் என்கிறது. அனுபவம் இல்லாதவன் உதிரியை நம்பிக் குலையை வெட்டிவிடுவான். அவள் வெட்ட மாட்டாள். கீழே கிடக்கிற பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். பல் பதிந்திருக்கும். எலி. பழுத்து விழவில்லை, எலி கடித்துத் தள்ளியிருக்கிறது. ரெண்டு கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவதாக ஒருத்தன் உள்ளே புகுந்திருக்கிறான். அவனைத் தேடு.

இங்கே புகுந்தது யார்?

காலும் கிருமியும் இவர்களுக்குத் தெரியும். கிட்னியும் தெரியும். இவர்களுக்குத் தெரியாமல் அந்த உடம்புக்குள்ளே போனது என்ன? சனிக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தாள். கேசரி. லட்டு. பாயசம். பெரிய வெள்ளை மாத்திரை. நாலு. ஆறு.

எதிரில் நல்லசாமி உட்கார்ந்திருந்தார். புனிதவதி ஒரு தடவை தப்பு செய்து பார்க்க வேண்டும் என்று நாற்பத்து மூன்று வருஷமாகக் காத்திருக்கிற குடும்பத்தின் ஆள். "எல்லாம் எங்க அண்ணிக்குத்தான் தெரியும்" என்று தலையாட்டிக்கொண்டே சொல்லுகிற வாய். பக்கத்தில் மகன். சொன்னால் இந்த அறையோடு நிற்காது. சாயங்காலத்துக்குள் ஈஜோக் வரைக்கும் போய்விடும். லோரிக்காரி புனிதவதி தன் புருஷனுக்குத் தானே மருந்தை அள்ளிக் கொட்டினாள் என்று.

சொல்லாமல் விட்டால்? டயாலிசிஸுக்குச் சரி என்று மட்டும் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எலி என்று தெரியாமல் இவர்கள் அந்தப் பதினொன்றையே பார்த்துக்கொண்டு, நாளைக்கோ மறுநாளோ 'போதும் ஆண்ட்டி' என்று கையை விரித்துவிட்டால்?

"அம்மா டாக்டர், பேனாவை எடு" என்றாள்.

"என்ன ஆண்ட்டி?"

"நேத்து நான் சொன்னது பொய். சீட்டுல உள்ளபடி குடுக்கலை. சனி, ஞாயிறு நாலு நாலு மாத்திரை. திங்கட்கிழமை ஆறு. செவ்வாய் காலையில ரெண்டு. வாந்தி எடுத்தாரு, திரும்பவும் குடுத்தேன். அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை."

லோகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மெட்ஃபோர்மினா?"

"பேரு எனக்கு என்ன தெரியும்? பை வீட்ல இருக்கு, கொண்டாந்து காட்டுறேன். இனிப்பு ஏறுச்சுன்னு குடுத்தேன். எழுது. யாரு குடுத்ததுன்னும் எழுது. சம்சாரம் புனிதவதின்னு பேரைப் போட்டு எழுது."

நல்லசாமி எழுந்துவிட்டார். "அண்ணி! அப்ப எங்க அண்ணனை நீங்கதான்..."

"செத்த பிறகு சொல்லு தம்பி. இப்ப உக்காரு."

"எல்லாம் தெரியும் எல்லாம் தெரியும்னு ஆடி—"

"ஆமா, ஆடினேன். எனக்குத் தெரியும்னு நெனச்சேன், தெரியலை. போதுமா? ஊர்ல போய்ச் சொல்லணுமா, சொல்லு. நான் வேணாலும் மைக் வச்சுத் தர்றேன். ஆனா இந்தப் பொண்ணு பேசி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்காரு!"

நல்லசாமி உட்கார்ந்தார்.

லோகேஸ்வரி அதற்குள் வெளியே ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். குரல் மாறியிருந்தது. "ஆண்ட்டி, கேளுங்க. இந்த மாத்திரை கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். கிருமியால கிட்னி நின்னதும் உள்ளயே தங்கிருச்சு. தங்கினா அதுவே லாக்டேட்டை ஏத்தும். செப்சிஸ் ஏத்தினது கொஞ்சம், மாத்திரை ஏத்தினது மிச்சம்னு நெனைக்கிறோம். அப்படின்னா அந்தப் பதினொண்ணுக்கு வேற அர்த்தம். நாலுல மூணுங்கிற பேச்சை அப்படியே இவர் மேல போட முடியாது. டயாலிசிஸ் அந்த மருந்தையும் புளிப்பையும் சேர்த்தே எடுக்கும். கொஞ்சம் கூடுதல் நேரம் போடணும்."

"பிழைப்பாரா?"

"தெரியாது. ஆனா கொஞ்ச முன்னாடி இருந்ததை விட இப்ப நான் தைரியமாப் போடச் சொல்றேன்."

"அப்ப இங்க நின்னு என்ன பேச்சு? போட்டுவிடு." தாளை வாங்கி, எழுத்துக் கூட்டாமலே, பழகிய கோணல் கையெழுத்தைப் போட்டாள். திலீப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டினாள், அடங்கிவிட்டான்.

மதியம் குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்தாள். தெருமுனையில் திரும்பியதுமே தெரிந்தது. வாசலில் சாவு வீட்டுக்குப் போடுகிற கெமா நின்றது. வெள்ளைத் துணிக் கூரை, நாலு இரும்புக் கால், உள்ளே சிவப்பு நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. மூன்று வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நல்லசாமி காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன்னாலேயே கெமாக்காரப் பையன் பவனேஷுக்குப் போன் போட்டிருக்கிறார்.

புனிதவதி காரிலிருந்து இறங்கினாள். ஒரு பெண் ஓவென்று ஆரம்பிக்கப் போனாள்.

"நிறுத்துடி. யாரு செத்தா? எங்க வீட்ல யாரும் சாகலை."

அழுகை பாதியில் நின்றது. பவனேஷ் தலையைச் சொறிந்தான். "ஆண்ட்டி, அங்கிள் நல்லசாமி சொன்னாரு..."

"அவரு வாசல்ல போடு. இங்க கழட்டு."

"ஆண்ட்டி, ரெண்டு நாள் இருக்கட்டுமே லா. மறுபடி லோரியில ஏத்தி, இறக்கி... ஒருவேளை வேண்டி வந்துச்சுன்னா..."

"பவனேஷ், உங்க அப்பன் கல்யாணத்துக்கே என் லோரியிலதான் சாமான் வந்துச்சு. அரை மணி நேரம். இந்தக் கெமாவுல ஒரு கால் என் வாசல்ல நின்னுச்சு, நானே லோரியைக் கொண்டாந்து இடிப்பேன். நான் இடிப்பேனா மாட்டேனா?"

"இடிப்பீங்க ஆண்ட்டி."

"கழட்டு."

கழற்றினான். வந்த பெண்களை அவள் அப்படியே அனுப்பவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். டீ கலக்கிக் கொடுத்துக்கொண்டே, மாத்திரைப் பையை மேசைமேல் எறிந்தாள். "நல்லா பாத்துக்குங்க. விருந்து சாப்பிட்டா கூட ஒண்ணு, பாயசம் குடிச்சா கூட ரெண்டு. நம்ம எல்லாரும் பண்றதுதானே? அப்படிக் குடுத்துத்தான் அவரை அங்க படுக்க வச்சிருக்கேன். நான் சொல்றேன், வெட்கப்பட்டுக்கிட்டு இருக்க எனக்கு நேரம் இல்லை. உங்க வீட்ல உள்ள ஆம்பளையைக் காப்பாத்துற வழியைப் பாருங்க."

ஒருத்தி தம்ளரைக் கீழே வைத்தாள். "போன தீபாவளிக்கு எங்க மாமியாருக்கு நான் மூணு குடுத்தேங்க்கா" என்றாள் சின்னக் குரலில்.

"இனிமே குடுக்காத. இனிப்பு ஏறினா கிளினிக்குக்குப் போ. அங்க உள்ளவங்க சும்மாவா உக்காந்திருக்காங்க?"

நல்லசாமி ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். சாயங்காலம் அவர் நாலு வீட்டுக்குப் போன் போட்டபோது, நாலு வீட்டிலும் "தெரியுமே, அக்காவே சொல்லிட்டாங்களே" என்றார்கள். பாவம், அவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் எண்கள் வர ஆரம்பித்தன. புதன் சாயங்காலம் லாக்டேட் ஏழு. புனிதவதி கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். வியாழன் காலை மூன்று புள்ளி எட்டு. திலீப் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அழாத. மூணுக்கு எதுக்கு அழுகை? ரெண்டுக்குக் கீழ வரணும்னு சொல்லியிருக்கா." வெள்ளிக்கிழமை காலை ஒன்று புள்ளி ஒன்பது. கிருமி எண் பதினொன்று. லோகேஸ்வரி மட்டும் எச்சரிக்கையாகவே பேசினாள். "எண் நல்லா இருக்கு, ஆண்ட்டி. அதுக்காக நாளைக்கே எழுந்து நடப்பார்னு அர்த்தம் இல்லை. நுரையீரல் இருக்கு, கால் இருக்கு."

"தெரியும். கூட்டத்தைப் பத்தித்தான் சொல்லும்னு நீதானே சொன்ன? மோசமான எண்ணுக்கு நான் பயப்படலை. நல்ல எண்ணுக்கு மட்டும் ஏன் ஆடப் போறேன்?"

டாக்டர் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அந்தப் பெண் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சனிக்கிழமை மூச்சுக் குழாயை எடுத்தார்கள். திங்கட்கிழமை சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். சுகுமாறன் பாதி ஆளாக இருந்தார். கன்னம் ஒட்டி, காலில் பெரிய கட்டு, குரல் காற்று மாதிரி. புனிதவதி பன்னிரண்டரைக்குப் பார்வையாளர் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். ஆறு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சை, உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். உங்களை இங்க படுக்க வச்சது முள்ளு மட்டும் இல்லை. நான்தான். மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், ஊர்கிட்ட சொல்லிட்டேன், உங்ககிட்டதான் சொல்லலை. திட்டுறதா இருந்தா திட்டிருங்க."

அவர் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். "தெரியும்."

"என்ன தெரியும்? யாரு சொன்னா? உங்க தம்பியா?"

"யாரும் சொல்லலை. எண்ணித்தானே முழுங்கினேன். ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல நாலு இருந்துச்சு. அப்புறம் ஆறு."

புனிதவதி கைப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "அப்ப ஏன் சாப்பிட்டீங்க?"

"வேணாம்னா நீ கேக்கவா போற? லட்டு தின்னப்ப கணக்குத் தெரியலையான்னு கத்துவ. வயித்தைப் பெரட்டுச்சு. கத்துறதைக் கேக்கிறதுக்கு முழுங்கிறது சுலபம்னு முழுங்கிட்டேன்."

பதினொன்று புள்ளி இரண்டைக் கேட்டபோது கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது அறியாமை, அதை அவள் பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டாயிற்று. இது வேறு. இந்த மனுஷர் சாவை விட அவள் வாய்க்கு அதிகமாகப் பயந்திருக்கிறார்.

"நல்லா கேட்டுக்குங்க" என்றாள். "இன்னியில இருந்து நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லணும். கத்தினா திருப்பிக் கத்தணும். மாத்திரையை நீங்களே எடுத்துச் சாப்பிடணும். விளங்குதா?"

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க! இப்பத்தானே சொன்னேன்? நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னுதான் இந்தக் கதிக்கு வந்தோம். எதிர்த்துப் பேசுங்க!"

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். சுகுமாறனின் உதடு காய்ந்திருந்தது; நாக்கால் ஈரம் பண்ணிக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"வெளிய போ."

"என்னது?"

"வந்ததுல இருந்து பேசுற. எனக்குத் தூக்கம் வருது. வெளிய போ, நாலு மணிக்கு மேல வா. வரப்ப வெள்ளைச் சட்டை எடுத்துட்டு வா, இது அரிக்குது."

புனிதவதி எழுந்தாள். பதில் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், போர்வையை அவர் நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசாமல் வார்டை விட்டு வெளியே வந்தாள்.

வெளியே மேசையில் நர்ஸ், மிஸ்ஸி பிளோரன்ஸ், ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "என்ன ஆண்ட்டி, வந்து பத்து நிமிஷம் கூட ஆகலை, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?"

"எம்புருஷன் என்னைய வெளிய போகச் சொல்லிட்டாரு மிஸ்ஸி" என்றாள் புனிதவதி, வார்டு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக. "நாப்பத்து மூணு வருஷத்துல முதல் தடவை. என்னையவே!"